கம்பியூட்டர் எழும்பாத மூன்று கிழமைகள்

இந்தக் கட்டுரையை எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் தொழில்நுட்பக் கல்லூரிக் கணினி மன்றத்துப் பிள்ளைகள். அவர்களுடைய ஆண்டு மலரில் 'இளைப்பாறியோர் பக்கம்' என்று ஒன்று இருக்கிறது. இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர், இளைப்பாறிய மருத்துவ மாது என்று வருடத்துக்கு ஒருவரைப் பிடிப்பார்கள். இந்த முறை அகப்பட்டவள் நான். எனக்கு வயது முப்பத்திரண்டு. முழங்கால் வலி இல்லை, சீனி வருத்தம் இல்லை, பேரப்பிள்ளைகளும் இல்லை. ஆனாலும் நான் முறைப்படி இளைப்பாறியவள்தான். அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் புத்தளத்திலேயே இரண்டு பேர்தான் என்பது வேறு கதை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது சுருக்கமாகத்தான் இருந்தது. குருநாகலில் இரண்டு வருட டிப்ளோமா. அங்கே ஒரு விரிவுரையாளர் ஒருநாள் வகுப்பு முடிவில் ஆளுக்கொரு சீடீ இறுவட்டுக் கொடுத்தார். அதற்குள் கம்பியூட்டரை இயக்கும் இயங்குதளம் ஒன்று முழுதாக இருந்தது. உறையில், பிரதி எடுங்கள், திறந்து பாருங்கள், மாற்றுங்கள், அடுத்தவருக்கும் கொடுங்கள் என்று எழுதியிருந்தது. அதுவரை நான் கண்ட எல்லா இறுவட்டிலும் பிரதி எடுத்தால் மறியல் தண்டனை என்றுதான் எழுதியிருந்தது. அவை எல்லாமே கடையில் பிரதி எடுத்த இறுவட்டுகள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. கலியாண வீட்டில், கொழும்பு பஸ்ஸில், பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, இப்படி எவரும் எடுக்கலாம், மாற்றலாம் என்கிற கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசினேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "கம்பியூட்டரப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க" என்று உம்மா வாசலிலேயே சொல்லிவைத்தா. ஒருவர் கேட்டுவிட்டார். ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தார். பிறகு வரவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வந்து குடியிருந்த முஸ்லிம்களின் நலன்புரிச் சங்கம் ஒன்று. இரண்டு மேசை, மூன்று கதிரை, ஓர் அலுமாரி, ஒரு கம்பியூட்டர். அந்தக் கம்பியூட்டருக்குப் பொறுப்பாளர் நான்.

எனக்கு மேலே செயலாளர் லத்தீப் சேர். இளைப்பாறிய தபாலதிபர். தபால் கந்தோரில் இருந்து ஓய்வூதியத்தோடு அவர் கொண்டுவந்தது முத்திரை குத்தும் பழக்கம். சங்கத்தில் பதினொரு முத்திரை இருந்தது. 'கிடைத்தது', 'பார்த்தேன்', 'அனுப்பலாம்', 'நிறுத்தி வைக்கவும்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்று. உள்ளே வரும் கடிதத்தை எழுந்து நின்றுதான் வாசிப்பார், கடைசிச் சொல் வரைக்கும். வெளியே போகும் கடிதத்தை வாசிக்கவே மாட்டார். அதில் எங்கே குத்துவது என்று மட்டும் பார்ப்பார். ஒரே அறையில், நாலடி தூரத்தில் இருந்த என்னைக் கூப்பிட மணி அடிப்பார்.

கம்பியூட்டரைத் திறப்பது எப்படி என்று இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில், அதை மூடியிருக்கும் பூ வேலை செய்த துணியை எடுக்கச் சேரிடம் அனுமதி. பிறகு 'கணினி திறப்புப் பதிவேட்டில்' திகதி, நேரம், நோக்கம், காற்று ஆகிய நான்கையும் எழுத வேண்டும். காற்று எதற்கு என்று முதல்நாள் கேட்டேன். களப்புக் கடற்காற்றில் உப்பு வரும், உப்பு வந்தால் மெஷின் பழுதாகும், பழுதானால் எந்தக் காற்று என்று தெரிய வேண்டாமா என்றார். ஆறு வருடம் நான் 'காற்று: பலம்' என்று எழுதியிருக்கிறேன். புத்தளத்தில் வேறு எதை எழுதுவது?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமையே நான் அந்தக் கம்பியூட்டரில் என்னுடைய இறுவட்டைப் போட்டு, இருந்த இயங்குதளத்துக்குப் பக்கத்திலே கட்டற்றதையும் ஏற்றி, காலையில் அதுவே முதலில் திறக்கும்படி செய்துவிட்டேன். லத்தீப் சேர் கடுமையாக எதிர்த்தார். நம்பகத்தன்மை, பாதுகாப்பு, ஒழுங்கு என்று ஒரு கிழமை பேசினார். உண்மைக் காரணம் பகல் சாப்பாட்டு நேரத்தில் தற்செயலாகத் தெரியவந்தது. அவர் தினமும் தனியாகச் சீட்டு விளையாடுகிறவர். அந்த விளையாட்டை இப்போது காணவில்லை என்பதுதான் விஷயம். புதியதில் இருபது விதமான சீட்டாட்டம் இருக்கிறது என்று காட்டினேன். அன்று பின்னேரமே 'அனுப்பலாம்' முத்திரை விழுந்தது.

மற்ற ஊழியர் பரீதா ராத்தா. தட்டெழுத்தாளர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவ, அதனால் ராத்தா. மன்னாரில் பத்தொன்பது வயதில் தட்டெழுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது இங்கே வந்தவ. அவ தட்டுவதைப் பார்க்க வேண்டும். கண் ஜன்னலுக்கு வெளியே தெருவில் நிற்கும் கழுதைகள் மேல் இருக்கும், வாய் என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும், விரல்கள் மட்டும் கம்பியூட்டரில் ஓடும். திரையைப் பார்க்கவே மாட்டா. கேட்டால், "தட்டுற ஆள் பேப்பரத்தான் பாக்கணும்" என்பா.

சங்கத்தின் உயிர் குடும்பப் பதிவேடு. மன்னாரில் எந்தக் கிராமம், எந்தக் காணி, நான்கு பக்கத்து எல்லை என்ன, கிணறு யாருடையது என்று வந்த புதிதில் ஒவ்வொரு குடும்பமும் சொன்னதை எல்லாம் கொப்பிகளில் எழுதிவைத்திருந்தார்கள். உறுதிப் பத்திரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தவர்களுக்கு அதுதான் கடைசிச் சாட்சி. நான் சேர்வதற்கு முன்பே, கொழும்பு நிறுவனம் ஒன்று விற்ற மென்பொருளில் பரீதா ராத்தா அவ்வளவையும் தட்டி ஏற்றிவிட்டா. அந்தச் சந்தோஷத்தில் சங்கம் ஒரு விழா வைத்தது. விழா முடிந்ததும், இனிக் கடதாசி தேவையில்லை என்று கொப்பிகளைக் கச்சான் கடலை விற்கிறவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் புத்தளம் முழுவதும் மன்னார்க் காணிகளில் கச்சான் சுற்றி விற்கப்பட்டது. தன்னுடைய பெரியப்பாவின் தென்னந்தோட்டத்தைக் கடற்கரையில் வைத்து வாசித்ததாக ஒருவர் சொன்னார்.

அந்த மென்பொருளில் ஒரு வில்லங்கம் இருந்தது. அது தனக்கென்று ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தது. உள்ளே சேமிப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு போனால் போர்வை போன மாதிரி. நான் வந்த நாளில் இருந்தே ஒருங்குறிக்கு மாற்றுவோம் என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒருங்குறி என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் உலகத்துக் கம்பியூட்டர் எல்லாம் ஒத்துக்கொண்ட ஒரே இலக்கம். எவருக்கும் சொந்தமில்லை, எவரும் நிறுத்த ஏலாது. லத்தீப் சேர், "பாப்பம் மகள்" என்று என் விண்ணப்பத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். அங்கே ஏழு விண்ணப்பம் இருந்தது. ஏழும் என்னுடையது.

இந்த நேரத்தில்தான் மீள்குடியேற்ற வீட்டுத் திட்டத்துக்கான அறிவித்தல் வந்தது. சங்கம் உறுதிப்படுத்திய பதிவேட்டுப் பிரதியோடு பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதம் தவணை. முதல் ஆளாக வந்தவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான முஸம்மில் காக்கா. உப்பளத்தில் வேலை. காலில் உப்பு வெடிப்பு, சைக்கிளில் உப்பு, சட்டைக் கொலரில் உப்பு. வாப்பாவின் காணி பற்றிய ஒரு துண்டுக் கடதாசியும் அவரிடம் இல்லை. எல்லாம் பதிவேட்டில்தான். பரீதா ராத்தா பிரதியை எடுத்துக் கொடுத்தா, சேர் மூன்று முத்திரை குத்தினார், காக்கா ஸலாம் சொல்லிப் போனார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். கடதாசியை மேசையில் வைத்தார்.

"சேர், கந்தோர்ல இது என்ன பாஷை எண்டு கேக்குறாங்க."

கடதாசி முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். நடுவில் லத்தீப் சேரின் கையொப்பமும் மூன்று முத்திரையும் மட்டும் தெளிவான தமிழ்.

நடந்தது இதுதான். மென்பொருளின் வருட அனுமதி முடிந்து எழுத்துரு நின்றுபோயிருந்தது. அந்த மூன்று நாளும் நான் லீவு. திரையில் தமிழ் இல்லாமல் போனதைப் பரீதா ராத்தா கவனிக்கவில்லை, அவதான் திரையைப் பார்ப்பதில்லையே. சேரும் கவனிக்கவில்லை, அவர் வெளியே போகும் கடிதத்தை வாசிப்பதில்லை. கையில் கொண்டுபோனவர்களும் கவனிக்கவில்லை, கம்பியூட்டரில் இருந்து வருவது இங்கிலீஸில் இருப்பது நியாயம்தானே என்று நினைத்திருக்கிறார்கள். மூன்று நாளில் பதினேழு குடும்பம் அப்படியே போயிருந்தது.

நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டார்களாம், புதிய பதிப்புக்கு மாற வேண்டும், ஆட்கள் வந்து செய்ய இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எங்களுக்கு இருந்தது மூன்று கிழமை.

நானே செய்வேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். பாதி எழுத்து சரியாக வந்தது, பாதி இடம்மாறி வந்தது. நிறுவனம் ஏதோ அரிதான ஓர் எழுத்து ஒழுங்கைப் பாவித்திருந்தது. சில எழுத்துகளை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று எண்ணி, ஊகித்து, எழுத்தை மாற்ற ஒரு கம்பியூட்டர் நிரல் எழுதினேன். டிப்ளோமாப் பரீட்சையில் எனக்கு அதிசிறப்புச் சித்தி. மூன்றாம் நாள் அந்த நிரல் தந்த முதற் பக்கத்தில், கண்ணியமான ஒரு மௌலவியின் பெயர் ஏதோ கருவாட்டு வகை போல வந்திருந்தது.

ஒவ்வொரு நாள் காலையிலும் முஸம்மில் காக்கா உப்பளத்துக்குப் போகும் வழியில் சைக்கிளில் இருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றிக் கேட்பார்.

"எழும்பிட்டா மிஸ்?"

கம்பியூட்டரைத்தான் கேட்கிறார். நோயாளி வீட்டு வாசலில் நின்று கேட்கிற அதே குரல். "இல்ல காக்கா, இன்னம் எழும்பல்ல" என்பேன். "துஆ செய்யிறன்" என்று போய்விடுவார்.

அஞ்சாம் நாள், நான் அந்த எழுத்துக் குப்பையை அச்செடுத்து மேசையில் பரப்பித் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பரீதா ராத்தா பிளேன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலால் கடதாசியை எட்டிப் பார்த்தா.

"ஆ, எருக்கலம்பிட்டி அப்துல் ஹமீது. இந்த ஆள் மௌத்தாகி அடக்கி நாலு வருஷம்தானே?"

எனக்கு விளங்கவில்லை. என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"இதுல போட்டிருக்கே. சின்ன எம், சின்ன ஜீ, அரைப்புள்ளி, பெரிய ஜே, சின்ன வை, அரைப்புள்ளி. அப்துல். தெளிவாக் கிடக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தா. "ஏன், ஒனக்கு இத வாசிக்க ஏலாதா?"

அஞ்சு நாள். நாலடி தூரத்தில். நான் படித்தவள், அவ தட்டுகிறவ, அவவிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்த அஞ்சு நாளையும் நினைத்தால் இப்போதும் காது சுடும்.

அவ எழுத்துகளை வாசிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் கண்டதும் எந்த விரல் எங்கே போகும் என்பது அவவுக்குத் தெரிகிறது, விரல் போகிற இடத்தில் என்ன தமிழ் எழுத்து என்பதும் தெரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் குறியைச் சொல்ல, அவ மேசை விளிம்பில் விரலால் தட்டிப் பார்த்துத் தமிழைச் சொன்னா. இரண்டு நாளில் அட்டவணை முழுதாக முடிந்தது. அதை நிரலில் போட்டு ஓடவிட்டேன். மௌலவி மீனாக இருந்த இடத்தில் மௌலவியாக எழும்பி வந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, உங்களுடைய உதவி தேவையில்லை, நாங்களே மாற்றிவிட்டோம், இந்த மாற்றி நிரலை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைக்கப்போகிறேன் என்று பெருமையடித்துவிட்டேன்.

இரண்டே நாளில் பதிவுத் தபாலில் பதில் வந்தது. லத்தீப் சேர் எழுந்து நின்று வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். அந்த எழுத்து ஒழுங்கு நிறுவனத்தின் சொந்தக் கண்டுபிடிப்பாம். அதற்குப் பேட்டன்ட் கோரியிருக்கிறார்களாம். அதாவது கண்டுபிடித்தவரைத் தவிர வேறு எவரும் அந்த முறையைப் பாவிக்கக் கூடாது என்கிற உரிமை. அந்த ஒழுங்கை வைத்து மாற்றி செய்வதும், மாற்றியதை அச்சிட்டுக் கொடுப்பதும் குற்றம், வழக்குப் போடுவோம் என்று இருந்தது. தலைப்பில் தங்கநிற இலச்சினை. சேர் 'கிடைத்தது' என்று குத்தினார். பிறகு என்னுடைய அட்டவணைக்கு மேல் 'நிறுத்தி வைக்கவும்' என்று குத்தினார்.

"சேர், ஒன்பது நாள்தான் இருக்கி."

"வழக்கு எண்டா சங்கத்தயே மூடுவாங்க மகள். சங்கம் போனா ஆருட முத்திரைய வெச்சு வீடு கேக்கிற?"

அவர் சொன்னதும் நியாயம். அதுதான் எனக்குக் கோபம். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் பிரதிகள் கந்தோருக்குப் போயிருக்கும்.

அடுத்தநாள் காலை முஸம்மில் காக்கா வந்தபோது உண்மையைச் சொன்னேன். எழும்பிவிட்டது, ஆனால் எழும்பியதற்கு வழக்குப் போடுகிறார்கள் என்று. அவர் அன்றைக்குத்தான் முதல்தரம் சைக்கிளில் இருந்து இறங்கினார். பேட்டன்ட் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"கடல் தண்ணியப் பாத்தியில விட்டு வெயிலுக்கு வெச்சா உப்பு. நாளைக்கு ஒரு ஆள் வந்து இது நான் எழுதி வெச்சது, இனி நீங்க வெயிலுக்கு வெக்கேலா எண்டு சொன்னா, நாங்க என்னத்தச் செய்யிற?"

"அவருக்கு முந்தியே நீங்க செஞ்சீங்க எண்டு காட்டணும் காக்கா. காட்டினா அவருக்கு உரிமை இல்ல."

"அப்ப காட்டுங்களே" என்றார், மிக இலகுவாக. சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

இதைக் கேட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்த பரீதா ராத்தாவின் விரல்கள் நின்றன. விரல்கள் நின்று நான் கண்டது அன்றைக்குத்தான். "எப்பவிருந்து அவங்கட கண்டுபிடிப்பாம்?" என்று கேட்டா. கடிதத்தில் இருந்த வருடத்தைச் சொன்னேன். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று போனா. சாப்பாடு கையோடு கொண்டுவந்திருந்தவ.

நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு ஓர் ஆளை அனுப்பியது. சிலாபத்துக்காரர், பெயர் டெரன்ஸ். கழுத்துப் பட்டி, வழுக்கை, நல்ல மனிதர், தமிழும் சிங்களமும் ஒரே வாயில் ஓடும். லத்தீப் சேர் அவருக்காக மணி அடித்தார், யாரும் வர இல்லாவிட்டாலும். டெரன்ஸ் பணிவாகத்தான் தொடங்கினார். இந்த எழுத்துருவுக்கு எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தோம், அதை மற்றவர்கள் சும்மா எடுத்தால் நாங்கள் சாப்பிடுவது எப்படி என்றார். இதை நான் மறுக்கவில்லை. எழுத்தின் உருவத்தை நீங்கள் வரைந்தீர்கள், அது உங்களுடையது, அதில் ஒரு வளைவையும் நாங்கள் தொடவில்லை, அச்சிடுவதற்கு வேறு இலவச எழுத்துரு இருக்கிறது என்றேன். எந்த விசையில் எந்த எழுத்து என்பதுதான் கேள்வி.

"ஹரி, சரி, அதும் எங்கடதானே மிஸ். இந்த ஒழுங்கு உலகத்துல வேற ஒரு இடத்துலயும் இல்ல."

பரீதா ராத்தா தன் கதிரையில் இருந்தபடியே பேசினா. "நீங்க கண்டுபிடிச்ச எண்டா 'ழ' எங்க இருக்கி தம்பி?"

டெரன்ஸ் சிரித்தார். விசைப்பலகையைப் பார்த்தார். விரலை நீட்டினார், மடக்கினார், வேறு பக்கம் நீட்டினார். விற்கிறவர் அவர், தட்டுகிறவர் இல்லை. ராத்தா ஜன்னலுக்கு வெளியே கழுதையைப் பார்த்தபடி, மேல் வரிசை, வலது கை, மோதிர விரல் என்றா. அடுத்து 'ண', அடுத்து 'ஞ', அடுத்து நான் மூன்று நாள் தேடியும் அகப்படாத எழுத்துகள் எல்லாம் வரிசையாக.

"ராத்தா, இது எல்லாம் எப்புடி உங்களுக்கு?"

"இந்த எழுத்துக்கு எல்லாம் வகுப்புல என்ட விரல் மொளியில அடி விழுந்திருக்கி தம்பி. நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி."

பிறகு கைப்பையில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தா. மட்டை இல்லை, தாள் பழுத்திருந்தது. மன்னாரில் அவ படித்த தட்டெழுத்து நிலையத்தின் பயிற்சிப் புத்தகம். முதற் பக்கத்தில் அந்த நிலையத்தின் பழைய மெஷினுடைய விசைகளின் படம். நிறுவனத்தின் 'சொந்தக் கண்டுபிடிப்பு' அச்சொட்டாக அதில் இருந்தது. கீழே நிலையத்தின் முத்திரையும் எண்பத்தொன்பதாம் ஆண்டுத் திகதியும், கடிதத்தில் இருந்த வருடத்துக்கு எத்தனையோ வருடம் முந்தியது.

எதற்கு இதைக் கொண்டுவந்தீர்கள் என்று டெரன்ஸ் கேட்டார். வெளியேறும்போது எல்லாரும் எதை எதையோ எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்களே.

"பரீட்சைக்கு ரெண்டு கிழமைதான் இருந்த. அதுக்குள்ள திரும்பிப் போயிருவம் எண்டு நினைச்ச."

லத்தீப் சேர் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை வாசித்தார், உள்ளே வந்த கடிதத்தை வாசிப்பது போல. முத்திரையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். முத்திரை விஷயத்தில் அவரை ஏமாற்ற ஏலாது. "நல்ல முத்திரை" என்றார்.

டெரன்ஸ் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே போய்த் தொலைபேசியில் நீண்டநேரம் சிங்களத்தில் கதைத்தார். ஒரு கழுதை பக்கத்தில் நின்று கேட்டது. திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சரி சேர். அந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கல்ல எண்டு வெச்சுக்குவம்."

"அது ஏலாதே" என்றார் லத்தீப் சேர். "கிடைத்தது எண்டு குத்தியாச்சி."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார் மனிதர். நாங்கள் வழக்குப் போட மாட்டோம், என் வார்த்தையை நம்புங்கள் என்றார். சேர் அசையவில்லை. குத்தியதைக் குத்தாததாக்க எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும், மூன்று பிரதி, ஒவ்வொன்றிலும் கையொப்பம். நாற்பது வருடத் தபால் சேவை எதற்கு என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. கடைசியில் டெரன்ஸ் சொல்லச் சொல்லப் பரீதா ராத்தாவே வாபஸ் கடிதத்தைத் தட்டினா, அவர்களுடைய கண்டுபிடிப்பு ஒழுங்கிலேயே, எங்களுடைய மாற்றிதான் அதைத் தமிழாக்கி அச்சுக்குத் தந்தது. சிலாபத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்போது டெரன்ஸ் என்னிடம் அந்த இறுவட்டில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன்.

'நிறுத்தி வைக்கவும்' என்பதற்கு மேலே 'அனுப்பலாம்' விழுந்தது. மிச்சம் இருந்த நாட்களில் ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு, மாற்றிய பதிவை வாசித்துக் காட்டிச் சரிபார்த்தோம். நான் திரையில் தமிழைப் பார்த்துக்கொண்டிருக்க, பரீதா ராத்தா பழைய எழுத்துக் குப்பையில் இருந்து உரத்து வாசித்தா. இரண்டும் ஒத்துப்போனால் அச்சு. முஸம்மில் காக்காவின் முறை வந்தது. கிழக்கே உம்மாவின் சீதனக் காணி, மேற்கே கிணற்றடி, தெற்கே கடற்கரை ஒழுங்கை, வடக்கே வேம்பு. வாப்பா சொல்லக் கொப்பியில் எழுதிய சொற்கள். கச்சானோடு போனவை என்று நாங்கள் நினைத்த சொற்கள்.

காக்கா குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வேம்பு இப்ப இருக்காது" என்றார் கடைசியில். பிறகு, "இருந்தாலும் போட்டு விடுங்க" என்றார்.

தவணைக்கு ஒருநாள் முந்தி அவ்வளவும் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தது, தமிழில். முஸம்மில் காக்காவின் வீட்டுக்கு அடுத்த வருடம் அத்திவாரம் வெட்டினார்கள். வேம்பு இருந்ததாம், அடிக்கட்டை மட்டும், துளிர்விட்டபடி. உப்புக் காலத்துக்கு இப்போதும் புத்தளம் வருகிறார். என்னைக் கண்டால், "எழும்பித்தானே இருக்கி?" என்று கேட்காமல் போகமாட்டார்.

மாற்றியை இணையத்தில் போட்டேன், எவரும் எடுக்கலாம், திருத்தலாம் என்ற அனுமதியோடு. ஆக்கியோர் பெயர் என்ற இடத்தில் பரீதா ராத்தாவின் பெயரை முதலில் போட்டேன். பரீட்சை எழுதாத ஆளின் பெயரைப் போடாதே என்று சண்டை பிடித்தா. போட்டது போட்டதுதான் என்றேன். பிறகு நாலைந்து சங்கங்கள் அதைக் கொண்டுபோய்த் தங்களுடைய பதிவேடுகளை மாற்றின. அந்த வேலைகளுக்கும் போய் உதவினேன். வருடங்கள் போக, மாற்றுவதற்கு இனிப் பழைய பதிவேடு எதுவும் மிச்சம் இல்லை என்ற நிலை வந்தது. பொறுப்பாளருக்குப் பொறுப்பு இல்லாமல் போனது. என் வேலையை நானே தின்று முடித்துவிட்டேன்.

பிரியாவிடை வைத்தார்கள். லத்தீப் சேரிடம் சான்றிதழுக்கு இருந்த மாதிரிப் படிவம் ஒன்றே ஒன்றுதான், 'நீண்டகால சேவையில் இருந்து இளைப்பாறும்' என்று தொடங்குவது. அதை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. சேர் சொல்லச் சொல்லப் பரீதா ராத்தா தட்டினா. ஒருங்குறியில் தட்ட, தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தித் தமிழுக்கு மாற வேண்டும். அவ அழுத்தவில்லை. திரையையும் பார்க்கவில்லை. சேர் வாசிக்காமலே கையொப்பம் வைத்துப் பதினொரு முத்திரையில் ஆறைக் குத்தினார். கண்ணாடி போட்டு, பொன்னாடையோடு மேடையில் தந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

தமிழுக்கு மாற மறந்துவிட்டீர்களா என்று மேடையிலேயே ராத்தாவின் காதுக்குள் கேட்டேன். "மறந்துட்டன்" என்றா, கழுதையைப் பார்க்கிற அதே முகத்தோடு.

வீட்டுக்கு வந்து, அட்டவணையை எடுக்காமலே, விரலை மேசையில் தட்டித் தட்டி வாசித்தேன். லத்தீப் சேர் சொன்ன வரிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றுக்குக் கீழே அவர் சொல்லாத ஒரு வரி இருந்தது.

"இத வாசிக்க ஏலாது எண்டு ஆரும் சொன்னா, என்னட்டக் கூட்டிக்கிட்டு வா."